தந்தியில் வழுக்கிய இரும்பு

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒவாஹு என்று ஒரு தீவு. அதன் வடகிழக்குக் கரையில் லாயியே என்ற சிற்றூர் இருக்கிறது. முன்னால் பசிபிக் பெருங்கடல், பின்னால் செங்குத்தாக எழும் பச்சை மலை. 1874 டிசம்பரில் அந்த ஊரில் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: ஜோசப் கெக்குக்குஉபெனாக்கனாஇயாவுபுனிஓக்கமேஹமேஹா அபுவாக்கேஹாவு. எங்கே, மூச்சு விடாமல் ஒரு தரம் சொல்லுங்கள் பார்க்கலாம்! உலகம் அவனை ஜோசப் கெக்குக்கு என்று சுருக்கிக் கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கெக்குக்கு அறிவியல் படித்தவன் அல்ல. கிட்டார் வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடப் பருவத்தில் ஒரு சின்னச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதை விடாமல் துரத்திக்கொண்டு ஏழு வருடம் போனான். அந்த ஏழு வருடத்தில் கிட்டாரில் அவன் என்னென்ன மாற்றினான் என்று பார்த்தால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஓர் இயற்பியல் கேள்வி நிற்கிறது. அவன் அதைச் சூத்திரமாக எழுதவில்லை. காதாலேயே விடை கண்டுபிடித்தான். அந்தக் கேள்விகளை நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தள்ளிக் கடல் நடுவே கிடக்கும் தீவுகளுக்குக் கிட்டார் எப்படி வந்தது? மாடுகளால் வந்தது! 1793இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் மன்னருக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை இருந்ததால் மாடுகள் பெருகிக் காடெல்லாம் திரிந்தன, தோட்டங்களை மிதித்தன. அவற்றைப் பிடித்து மேய்க்கத் தெரிந்த ஆட்களை 1830களில் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைத்தார். கலிஃபோர்னியா அப்போது மெக்சிகோவின் கையில் இருந்தது. குதிரையும் கயிறுமாக வந்த அந்த மெக்சிகோ மேய்ப்பர்கள் மாலை நேரத்தில் வாசிக்கக் கிட்டாரையும் கொண்டுவந்தார்கள்.

ஹவாய் மக்கள் பாட்டில் ஊறியவர்கள். கிட்டாரைக் கையில் வாங்கியதும் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி அதை மாற்றினார்கள். வழக்கமான சுருதியை விட்டுச் சில தந்திகளைத் தளர்த்தினார்கள். அப்படித் தளர்த்தியதும், எங்கும் விரல் வைக்காமல் சும்மா மீட்டினாலே ஆறு தந்தியும் சேர்ந்து ஓர் இனிய சுரக்கூட்டாக ஒலித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஹொனலுலுவில் 1887இல் கமேஹமேஹா ஆண்கள் பள்ளி திறந்தது. பெர்னிஸ் பவுவாஹி பிஷப் என்ற ஹவாய் இளவரசி, தன் நிலங்களையெல்லாம் ஹவாய்க் குழந்தைகளின் படிப்புக்கு என்று உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தார். அந்த உயிலால் பிறந்த பள்ளி இது. இங்கே எழுத்துப் படிப்போடு தச்சு வேலை, இரும்பு வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1889இல் கெக்குக்கு லாயியேவிலிருந்து வந்து இங்கே தங்கிப் படித்தான். அவனுடைய உறவுக்காரப் பையன் சாம் நைனோவாவும் கூட வந்தான். பட்டறை இருந்த பள்ளியில் ஓர் இசைப்பித்தன் மாணவனாகச் சேர்ந்தது, இந்தக் கதையில் நடந்த மிக நல்ல விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் டிலானோ என்ற இசை ஆசிரியர் பிற்காலத்தில் எழுதிவைத்தபடி, கெக்குக்கு பழைய ஸ்பானியக் கிட்டார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஹொனலுலுவில் சாலையோரம் நடந்துபோனான். தரையில் துருப்பிடித்த போல்ட்டு ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தபோது அது தற்செயலாகக் கிட்டார்த் தந்தியில் பட்டது. ஒரு புதுவிதமான நாதம் எழுந்தது. மறுபடி வைத்துப் பார்த்தான். தந்தியின் மேல் போல்ட்டை நகர்த்த நகர்த்தச் சுரம் வழுக்கிக்கொண்டே போனது. பிறகு பேனாக்கத்தியின் முதுகு, அடுத்து எஃகுச் சீப்பின் முதுகு, கடைசியில் நன்றாக மெருகேற்றிய எஃகுத் துண்டு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

இதே கதையை ரயில் பாதையில் நடந்ததாகச் சொல்வோரும் உண்டு. இசையமைப்பாளர் சார்லஸ் கிங் வேறொன்று சொன்னார்: கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி 1884ஆம் ஆண்டு வாக்கிலேயே தந்தியில் இப்படி வழுக்கி வாசித்ததைத் தான் பார்த்ததாக. அந்த டேவியன் இந்தியாவில் பிறந்தவன் என்றும் சொல்வார்கள். யார் கை முதலில் வழுக்கியது என்று நூறு வருடத்துக்குப் பிறகு தீர்ப்புச் சொல்வது கடினம். ஆனால் ஒரு வேடிக்கைச் சத்தத்தை எடுத்து, அதற்கென்று கருவி செய்து, வாசிக்கும் முறை அமைத்து, அதையே வாழ்நாள் தொழிலாக்கி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது கெக்குக்குதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, தந்தியில் இரும்பை வைத்தால் என்னதான் நடக்கிறது?

தந்தி அதிரும்போது சுற்றியுள்ள காற்றும் அதிர்கிறது, அதுதான் ஒலி. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். அதிர்வெண் கூடினால் சுரம் மேலே போகும், குறைந்தால் கீழே வரும். தந்தியின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு நீளம், எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறது, எவ்வளவு கனம். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். கிட்டாரின் ஐந்தாவது தந்தி வழக்கமான சுருதியில் நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அதைச் சரியாக நடுவில் அழுத்தி மீட்டினால் 220. கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போய்விட்டோம்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். வீணையில் அவற்றை மெட்டு என்போம். விரலால் தந்தியை அழுத்தினால் தந்தி மெட்டின் மேல் உட்காரும், அதிரும் நீளம் அங்கேயே வெட்டுப்படும். விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் பரவாயில்லை, நீளத்தை முடிவு செய்வது மெட்டுதான். அதாவது மெட்டு வைத்த கழுத்து ஒரு படிக்கட்டு. ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படிக்கு ஏறலாம், நடுவில் நிற்க முடியாது. கெக்குக்குவின் இரும்பு அந்தப் படிக்கட்டைச் சறுக்குமரமாக மாற்றிவிட்டது. தந்தியைக் கீழே அழுத்தாமல், மேலே லேசாக இரும்பை வைக்கிறோம். இரும்பு எங்கே தொடுகிறதோ அங்கே அதிர்வு நின்றுவிடும். இரும்பை ஒரு மயிரிழை நகர்த்தினால் சுரமும் ஒரு மயிரிழை நகரும். 110க்கும் 220க்கும் நடுவே உள்ள எல்லா அதிர்வெண்களும் வாசிப்பவர் கையில் வந்துவிட்டன.

இது ஏன் நம் காதுக்கு இவ்வளவு பிடிக்கிறது? நம் தொண்டையில் மெட்டுகள் இல்லை. குரல் நாண்களின் இழுவிசை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். “அப்படியா?” என்று நீங்கள் வியப்போடு கேட்கும்போது கடைசி எழுத்தில் குரல் எப்படி வழுக்கி ஏறுகிறது என்று கவனியுங்கள். அழுகை, கெஞ்சல், தாலாட்டு எல்லாம் வழுக்கல்தான். ஹவாய்ப் பாடகர்களின் பாட்டில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீந்திப் போகும். அந்தக் குரலைக் கிட்டாரில் கொண்டுவர ஒரு வழி கிடைத்தது என்றால், பதினைந்து வயதுப் பையன் அதை விட்டுவிடுவானா?

ஆனால் போல்ட்டு வைத்த கிட்டார் ஒரே நாளில் இனிமையாகிவிடவில்லை. துரு தந்தியில் உராய்ந்து கரகரத்தது, மரைகள் தந்தியில் மாட்டின, இரும்பு மெட்டுகளில் இடித்தது. இங்கேதான் பள்ளிக்கூடப் பட்டறை உதவிக்கு வந்தது.

முதல் மாற்றம் அந்த எஃகுத் துண்டு. கெக்குக்கு அதைப் பட்டறையில் செய்து, வழவழப்பாக மெருகேற்றினான். வழவழப்பு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, கரகரப்பு போகத்தான். ஆனால் எஃகு ஏன்? ஒரு மரக்குச்சியை வைத்து வழுக்கினால் ஆகாதா? உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கிட்டார் இருந்தால், முதலில் விரலின் சதையைத் தந்தியில் வைத்து மீட்டுங்கள். ‘டொக்’ என்று ஒலி செத்துவிடும். அடுத்து ஓர் எவர்சில்வர் டம்ளரின் பக்கத்தை வைத்து மீட்டுங்கள். ஒலி நீண்டு நிற்கும்.

தந்தியை மீட்டும்போது அதில் ஓர் அலை ஓடுகிறது. அது ஒரு முனைக்குப் போய் முட்டித் திரும்பும், மறுமுனைக்குப் போய் முட்டித் திரும்பும். இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை போய்வருவதைத்தான் நாம் ஒரு சுரமாகக் கேட்கிறோம். முட்டுகிற முனை அசையாமல் நின்றால் அலை தன் ஆற்றலோடு அப்படியே திரும்பும். முனை மென்மையாக இருந்தால் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். மென்மையாக இல்லாமல் கடினமாக, ஆனால் எடை குறைவாக இருந்தால் முனையும் சேர்ந்து ஆடும், அலையில் ஒரு பங்கு அந்தப் பக்கம் கசிந்துபோகும். ஆகவே முனை கடினமாகவும் இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும். கிட்டாரின் மிக மெல்லிய எஃகுத் தந்தி அரை கிராம் எடைகூட இருக்காது. தடித்த தந்தியே சில கிராம்தான். இன்றைக்கு ஹவாய்க் கிட்டார் வாசிப்பவர்கள் பிடிக்கும் எஃகுத் துண்டு 200 கிராம் வரை இருக்கும். இந்தக் கனத்தைத் தந்தியால் அசைக்க முடியுமா? முடியாது. அலை முட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

இரண்டாவது மாற்றம் தந்தி. அந்தக் காலத்துக் கிட்டாரில் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த தந்திகள் இருந்தன. விரலுக்கு அவை மெத்தென்று இருக்கும், இரும்புக்கு ஆகாது. குடல் தந்திக்குள்ளேயே உராய்வு அதிகம். ஆற்றலை வெப்பமாக்கிச் சீக்கிரம் அடங்கிப்போகும். கெக்குக்கு அவற்றைக் கழற்றிவிட்டு எஃகுத் தந்தி பூட்டினான். ஒரே பருமனுள்ள குடல் தந்தியைவிட எஃகுத் தந்தி ஏறக்குறைய ஆறு மடங்கு கனம். கனமான தந்தி அதே சுரத்தைக் கொடுக்க வேண்டுமானால் அதை அத்தனை மடங்கு இறுக்கிக் கட்ட வேண்டும். இறுக்கமும் கனமும் கூடினால் மீட்டும்போது தந்தி அதிக ஆற்றலைப் பிடித்துவைக்கும், சுரம் நீண்ட நேரம் நிற்கும். சுரம் நின்றால்தானே வழுக்க முடியும்? அரை நொடியில் அடங்கிவிடும் ஒலியை எங்கே இழுத்துக்கொண்டு போவது?

மூன்றாவது, தந்தியின் உயரம். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்கார்ந்திருக்கும் சிறு கட்டையை உயர்த்தினான். தந்திகள் மெட்டுகளை விட்டு நன்றாக மேலே எழும்பின. இனி இரும்பு மெட்டில் இடிக்காது. ஆனால் விரலால் அழுத்தி வாசிக்க முடியாத அளவு தந்தி தூரமாகிவிட்டது. அதனால் கிட்டாரை மார்போடு அணைத்துப் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, மடியில் மல்லாக்கப் படுக்கவைத்தான். இரும்பின் எடையைப் பூமியே இழுத்துத் தந்தியில் வைத்தது, கை அதை வழிநடத்தினால் போதும். மெட்டுகள் வேலையில்லாமல் வெறும் அடையாளக் கோடுகளாக மிஞ்சின.

இனி ஒரு சிக்கல். இரும்புத் துண்டு நேரானது. ஒரு விரலை ஒரு தந்தியில் ஓர் இடத்திலும், இன்னொரு விரலை மற்றொரு தந்தியில் வேறு இடத்திலும் வைப்பதுபோல இங்கே செய்ய முடியாது. எல்லாத் தந்திகளையும் அது ஒரே கோட்டில் தொடும். அப்படியானால் பல சுரங்கள் சேர்ந்த சுரக்கூட்டு எப்படி வரும்? முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, ஹவாய்க்காரர்கள் தந்தியைத் தளர்த்திச் சுருதி சேர்த்தது, அது இங்கே கைகொடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று தந்திகள் 220, 275, 330 என்ற அதிர்வெண்களில் இருக்கட்டும். இவை 4:5:6 என்ற விகிதம். இந்த விகிதத்தில் உள்ள சுரங்களைச் சேர்த்துக் கேட்டால் காதுக்கு மிக இனிமையாக இருக்கும். இப்போது இரும்பை வைத்து எல்லாத் தந்திகளின் நீளத்தையும் மூன்றில் இரண்டு பங்காக்குவோம். நீளம் குறைந்த விகிதத்துக்கு ஏற்ப அதிர்வெண் ஒன்றரை மடங்காகும்: 330, 412.5, 495. இதை வகுத்துப் பாருங்கள், அதே 4:5:6! இரும்பை எங்கே வைத்தாலும் எண்கள் மாறும், விகிதம் மாறாது. சும்மா மீட்டும்போது இனித்த சுரக்கூட்டு, இரும்போடு சேர்ந்து கழுத்து முழுவதும் வழுக்கிப் போகும். கெக்குக்குவுக்கு முந்தைய இரண்டு தலைமுறை மேய்ப்பர்களும் பாடகர்களும் தங்கள் சௌகரியத்துக்காகக் கண்டுபிடித்த சுருதி, இந்தப் பையனின் இரும்புக்காகவே காத்திருந்தது போலப் பொருந்திவிட்டது.

வாசிப்பது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். 65 சென்டிமீட்டர் தந்தியில் முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து சுமார் 3.6 சென்டிமீட்டரில் இருக்கும். பதினோராவது மெட்டுக்கும் பன்னிரண்டாவது மெட்டுக்கும் நடுவே 1.9 சென்டிமீட்டர்தான். மேலே போகப் போக இடைவெளி நெருங்கும். 65 சென்டிமீட்டர் தந்தியில் இரும்பு ஒரு மில்லிமீட்டர் தப்பினால் 650இல் ஒரு பங்கு பிழை. 16 சென்டிமீட்டர் மட்டுமே மீதியிருக்கும் உச்ச இடத்தில் அதே ஒரு மில்லிமீட்டர், 160இல் ஒரு பங்கு பிழை. நான்கு மடங்கு மோசம், காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் நல்ல கலைஞர்கள் இரும்பைச் சுரத்தில் நிறுத்தியதும், கையை நொடிக்கு ஐந்தாறு முறை மெல்ல முன்னும் பின்னும் அசைப்பார்கள். சுரம் துல்லியப் புள்ளியைச் சுற்றி ஊசலாடும். அந்த நடுக்கம்தான் ஹவாய்க் கிட்டாரின் குரல். இன்னொரு நுட்பமும் உண்டு. இரும்புக்குப் பின்னால் மீதியிருக்கும் தந்தித் துண்டும் அதிர்ந்து ஒரு வேண்டாத சுரத்தைக் கொடுக்கும். வாசிப்பவர் இரும்பைப் பிடிக்கும் கையின் மற்ற விரல்களை அதன் பின்னால் தந்திகள்மேல் படரவிட்டு, அந்தத் துண்டை அடக்கிக்கொண்டே நகர்வார். சதை ஒலியைக் கொல்லும் என்று பார்த்தோமே, அந்தக் குணம் இங்கே நல்லதுக்குப் பயன்படுகிறது.

இதையெல்லாம் கெக்குக்கு திருத்திக்கொண்டிருந்த வருடங்களில் ஹவாய் நாடே ஆட்டம் கண்டது. 1893இல் லிலியுவோக்கலானி ராணியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அவரே பெரிய பாடலாசிரியர். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க முடியாத காலத்தில், அந்த மண்ணின் பாட்டு கிட்டார்த் தந்தியில் ஏறி உலகம் சுற்றப் புறப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

1904இல், இருபத்தொன்பது வயதில், கெக்குக்கு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். (இனி ‘அவன்’ என்று சொல்ல மனம் வரவில்லை.) மேற்குக் கரை நகரங்களின் நாடகக் கொட்டகைகளில் வாசித்தார், மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கத்தின் இசையைக் கேட்க மக்கள் அலைமோதினார்கள். அதற்குப் பிறகு ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்கா முழுவதும் விற்றன. 1919இல் கெக்குக்கு ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ என்ற நாடகக் குழுவோடு ஐரோப்பா சென்று எட்டு வருடம் அரங்கு அரங்காக வாசித்தார். திரும்பி வந்து சிகாகோவில் பாடம் நடத்தினார், பிறகு நியூ ஜெர்சி மாநிலத்தில் டோவர் என்ற ஊரில் குடியேறினார். 1932 ஜனவரியில், ஐம்பத்தேழாம் வயதில் இறந்தார். லாயியேவுக்கு அவர் திரும்பவில்லை, டோவரிலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

அதே 1932இல் இன்னொன்று நடந்தது. கிட்டாரின் மரப்பெட்டி எழுப்பும் ஒலி பெரிய அரங்குகளுக்குப் போதவில்லை. ஹவாய்க் கிட்டார் கலைஞர்கள்தான் இன்னும் சத்தமான கருவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1927இல் உலோக உடம்புக்குள் அலுமினியக் கூம்பு வைத்த கிட்டார்கள் வந்தன. அதுவும் போதவில்லை. அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் ஜார்ஜ் போஷாம். அவர் வேறு வழியில் யோசித்தார். எஃகுத் தந்தி காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள். தந்திக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்தால், தந்தி அதிர அதிரச் சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறும். காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே கண்டுபிடித்த விதி இது. அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் போதும், பெட்டியே தேவையில்லை. பின்னாளில் ரிக்கன்பேக்கர் என்று அறியப்பட்ட நிறுவனம் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கருவி, வட்ட உடம்பும் நீண்ட கழுத்துமாக அலுமினியத்தில் வார்த்தது. பார்த்தவர்கள் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். கடைக்கு வந்த முதல் மின் கிட்டார்களில் ஒன்று அது, மடியில் படுக்கவைத்து இரும்பால் வாசிக்கும் ஹவாய்க் கிட்டார். தந்தி குடலால் ஆனதாக இருந்திருந்தால் காந்தம் அதைக் கண்டுகொண்டிருக்காது!

நம் நாட்டுக்கும் இந்த இசை வந்தது. கெக்குக்குவின் அதே லாயியேவில் வளர்ந்த டாவு மோயே என்ற கலைஞர் குடும்பத்தோடு உலகம் சுற்றிவந்து, 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். ஹஸாரா சிங், வான் ஷிப்லி போன்றவர்கள் ஹவாய்க் கிட்டாரில் இந்தித் திரைப்பாட்டுகளை வாசித்துப் புகழ்பெற்றார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசித்தார். விஷ்வ மோகன் பட் கூடுதல் தந்திகள் பூட்டி மோகன வீணை என்று ஆக்கி, 1994இல் கிராமி விருதும் பெற்றார். ராகத்துக்குக் கமகம் வேண்டும், கமகத்துக்குச் சுரங்களுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் வேண்டும். அதனால்தான் மெட்டு வைத்த சாதாரணக் கிட்டாரைவிட இந்தக் கிட்டார் நம் இசைக்குச் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் கோட்டுவாத்தியம் கேட்டிருக்கிறீர்களா? சித்திரவீணை என்றும் சொல்வார்கள். மெட்டே இல்லாத வீணை அது. கருங்காலிக் கட்டையைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிப்பார்கள். கெக்குக்குவுக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை, இது தனி மரபு. ஆனால் கட்டையின் கீழே ஓடும் இயற்பியல் ஒன்றேதான்.

இப்போது உங்கள் முறை. முக்கால் மீட்டர் நீளப் பலகை, கிட்டாரின் மெல்லிய எஃகுத் தந்தி ஒன்று (இசைக்கருவிக் கடையில் தனியாகவே கிடைக்கும்), ஓர் ஆணி, இரண்டு பென்சில், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பலகையை மேசைமேல் வைத்து, ஒரு முனையில் ஆணி அடித்துத் தந்தியைக் கட்டுங்கள். மறுமுனையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுப் பாட்டிலைக் கட்டுங்கள். பாட்டில் விழுந்தாலும் காலில் படாதபடி கீழே ஒரு தலையணை இருக்கட்டும். முகத்தைத் தந்திக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். தந்திக்கு அடியில் இரு முனைகளிலும் ஒவ்வொரு பென்சிலைக் குறுக்கே செருகுங்கள். இதுதான் உங்கள் மேல்வகுப்பு அண்ணன்மார் ஆய்வகத்தில் பார்க்கும் சுரமானி.

முதலில் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மீட்டுங்கள். சுரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு லிட்டரும் நிரப்பி மீட்டுங்கள். இழுவிசை நான்கு மடங்கு, அதிர்வெண் இரண்டு மடங்கு, ஏறக்குறைய மேல் ஸட்ஜம் கேட்கும். அடுத்து வழுக்கல். ஒரு மரப்பென்சில், ஒரு கரண்டிக் காம்பு, மணல் நிரப்பிய சிறு கண்ணாடி பாட்டில், மூன்றையும் ஒவ்வொன்றாகத் தந்திமேல் வைத்து மீட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மேசைப் பலகையில் காதை வைத்துக் கேட்டால் ஒலி இன்னும் தெளிவாக இருக்கும். எஃகுத் தந்தியைக் கழற்றிவிட்டுத் தூண்டில் நரம்பைக் கட்டி இதையே திரும்பச் செய்தால், கெக்குக்கு குடல் தந்தியைக் கழற்றியது ஏன் என்று காதாலேயே தெரிந்துகொள்வீர்கள்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி பாட்டிலைத் தந்தியில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வைத்து, அதன் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே மீட்டுங்கள். எந்தப் பக்கம் மேலே கேட்கிறது, எத்தனை மடங்கு? கணக்குப் போட்டுவிட்டுக் காதால் சரிபாருங்கள். பிறகு பாட்டிலை மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் ஒரே சுரம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் தேடிப் பிடித்து, பலகையில் பென்சிலால் குறித்து, அதற்கப்புறம் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் தப்பியது என்று எங்களுக்கு எழுதுங்கள்.